பொன்னப்பனின் கை

வலது கைக்கு உறை ஏறிவிட்டது. இடது கைதான் அடம் பிடித்தது.

குவைத்தில் ஒரு மருத்துவமனையின் காயக்கட்டுப் பிரிவில் பதின்மூன்று வருடங்களாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை கையுறை மாட்டிக் கழற்றுகிறவள் ஷெர்லி. எல்லாம் தன் கைக்கு. இன்னொருவர் கைக்கு, அதுவும் புருஷன் கைக்கு, அதுவும் இரண்டு நாள் குளிர்பெட்டியில் கிடந்து விறைத்துப்போன கைக்கு மாட்டுவது எப்படி என்று எந்த நர்சிங் கல்லூரியிலும் சொல்லித் தரவில்லை. அடக்கத்துக்கு முன்னால் இறந்தவரின் கைகளுக்கு வெள்ளை உறை மாட்டுவது அந்த ஊர் வழக்கம். குரியாச்சனின் விரல்கள் எப்போதுமே பெரியவை. கல்யாணத்தன்று மோதிரம் மூட்டில் சிக்கிக்கொண்டபோது, பாதிரியார் சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது.

"கொஞ்சம் பெரிய சைஸா கொண்டு வந்திருக்கலாமே," என்றாள் ஷெர்லி.

"இதுல சைஸ் கெடையாது சேச்சி. எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் குளிர்பெட்டிக்காரர். "இதுவரைக்கும் யாரும் சின்னதா இருக்குன்னு திருப்பிக் குடுத்ததில்ல."

ஷெர்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலைமாட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்த நாத்தனார் சூசம்மா நிமிர்ந்து பார்த்தாள். ஷெர்லி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பார்க்கிறவர்கள் அழுகை என்று எடுத்துக்கொள்ளட்டும். இது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள வியாதி. எங்கே வலிக்கிறதோ அங்கே ஒரு நகைச்சுவையை வைத்துக் கட்டுப் போட்டுவிடுவாள். தன் அப்பாவின் சாவுக்கு அவள் சொன்ன ஒரு வார்த்தைக்காகச் சித்தப்பா இன்னும் அவளோடு பேசுவதில்லை.

"ஐரின், இங்க வா. பப்பா முழங்கையக் கொஞ்சம் தூக்கிப் பிடி."

வாசற்படியில் நின்றிருந்த மகள் வந்தாள். பதினைந்து வயது. வெள்ளைச் சுடிதார், முழுக்கை. கேரளத்தில் பாலா நகரத்துக்குப் பக்கத்து அந்த ஊரில் ஏப்ரல் மாத வெயிலுக்கு ரப்பர் மரங்களே வியர்த்துக்கொண்டிருந்தன. பந்தலில் ஆண்கள் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்கள். இவள் மட்டும் மணிக்கட்டைத் தாண்டி விரல்கள் தொடங்கும் இடம் வரைக்கும் துணியை இழுத்துவிட்டிருந்தாள். அப்பாவின் முழங்கையை, தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பது போலப் பிடித்தாள்.

ஷெர்லி அந்த இடது கையைத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தாள். சூடு ஏறவில்லை, இவள் கைதான் குளிர்ந்தது. ஆனாலும் விரல்கள் கொஞ்சம் இளகிக் கொடுத்தன. ஒவ்வொன்றாக உறைக்குள் போயின. கடைசியாகக் கட்டை விரலை மகள் பிடித்து, தாய் இழுத்து, வேலை முடிந்தது. முடிந்ததும் ஐரின் பழைய இடத்துக்குப் போய் நின்றுகொண்டாள்.

அன்று காலையில் விமானத்திலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்ததிலிருந்து தாயும் மகளும் சேர்ந்து செய்த முதல் காரியம் அது. வந்ததும் கட்டிப்பிடித்தார்கள்தான். ஆனால் அது விமான நிலையத்தில் சுற்றி வரும் பெட்டியை எடுப்பது போல இருந்தது: நிறம் சரி, அளவு சரி, சீட்டைப் பார்த்தால்தான் நம்முடையதா என்று தெரியும். ஐரின் சீட்டைப் படித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டாள்.

அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இரண்டு வயதில் விட்டுவிட்டுப் போன குழந்தை. வருடத்துக்கு ஒரு மாதம் அம்மா; கடைசி இரண்டு வருடம் லீவு கிடைக்காமல் அதுவும் இல்லை. மீதிப் பதினோரு மாதமும் அப்பா. தலை பின்னியதும் சோறு கட்டிக் கொடுத்ததும் வயதுக்கு வந்த அன்று பக்கத்து ஊர் வரை ஸ்கூட்டரில் பறந்து அக்கா சூசம்மாவைக் கூட்டி வந்ததும் குரியாச்சன். இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பி, ஷூ லேஸைக் கட்டக் குனிந்தவர் அப்படியே போய்விட்டார். முற்றத்தில் குடையோடு நின்று, "பப்பா, பாட்டு ஆரம்பிச்சிருப்பாங்க," என்று மூன்று தடவை கூப்பிட்டவள் ஐரின்.

"இன்னும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடல ஷெர்லி," என்று சூசம்மா காதோடு சொன்னாள். "நல்லதில்ல. நீ பக்கத்துல உக்காந்து அழ வை."

மூன்று பதவி உயர்வுகள் வாங்கியவளுக்கு அது எப்படிச் செய்வதென்று தெரியவில்லை.

காபி எடுத்துக்கொண்டு வந்தவர் பொன்னப்பன். பதினெட்டு வருடங்களாக அந்த வீட்டின் இரண்டு ஏக்கர் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர். இன்று வெட்டு இல்லை; மரங்களில் பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவர் நேற்றிலிருந்து நாற்காலி இறக்குவதும் காபி கொடுப்பதுமாக இருந்தார். அவரைப் பார்த்ததும் ஷெர்லிக்குக் குரியாச்சனின் குரல் காதில் கேட்டது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் ஒரு நாள் தொலைபேசியில் வந்த குரல் அது.

"அடியே, நம்ம பொன்னப்பன் கையில கத்தி பட்டிருச்சு. என்ன போடலாம்?"

"எங்க?"

"இடது கை. முன்கையில."

"தையல் போடுற அளவா?"

"இல்ல, மேலாகத்தான்."

அவள் வரிசையாகச் சொன்னாள். எதால் கழுவுவது, எந்த மருந்து, எத்தனை நாளைக்கு ஒரு தடவை கட்டு மாற்றுவது. அவர் குழந்தை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் கேட்டுக்கொண்டார். அடுத்த மாதம் மறுபடியும் பொன்னப்பன் கை. அதற்கடுத்த மாதம் இரண்டு தடவை.

"ஏன் மனுஷா, பதினாறு வருஷமா மரத்தை வெட்டினவனுக்கு இப்ப என்ன ஆச்சு? கையில இருந்தும் பால் வரும்னு யாராவது சொல்லிட்டாங்களா?" என்று இவள் கேட்டாள். கேட்டுவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தாள். அந்தப் பக்கம் ஏதோ சத்தம் வந்தது. லைன் சரியில்லை என்று நினைத்தாள்.

இன்னொரு தடவை, கொஞ்சம் எரிச்சலோடு கேட்டாள்: "அவனைப் பாத்துக்க வீட்டுல ஆள் இல்லையா?"

"இருக்காங்க. கொஞ்சம் தூரத்துல."

"அப்ப வரச் சொல்லு. மருந்து யாரு வேணும்னாலும் போடலாம். பக்கத்துல உக்காருறதுக்குச் சொந்த ஆள்தான் வேணும்." பயிற்சிக்கு வரும் பெண்களிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். அந்த வாக்கியம் அவளுக்கே பிடித்திருந்தது. அடுத்த நாள் வார்டில் இன்னொரு தடவை பயன்படுத்தினாள்.

"சொல்றேன்," என்றார் குரியாச்சன்.

போன டிசம்பரோடு அந்தப் பேச்சு நின்றுபோனது. ஒரு வழியாகப் பொன்னப்பன் தொழில் கற்றுக்கொண்டுவிட்டார் என்று இவள் நினைத்தாள்.

காபித் தட்டை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, ஷெர்லி அவருடைய இடது கையைப் பிடித்தாள். பழக்க தோஷம், துக்க வீட்டிலும் நர்ஸ் நர்ஸ்தான். "காட்டு பொன்னப்பா. காயமெல்லாம் எப்படி ஆறியிருக்குன்னு பார்க்கிறேன்."

கறுத்து, நரம்பு ஓடிய கை. ரப்பர் பால் காய்ந்து நகக் கண்களில் ஒட்டியிருந்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு கீறல்கூட இல்லை. திருப்பிப் பார்த்தாள். அங்கும் இல்லை. அடுத்த கையை வாங்கிப் பார்த்தாள்.

"எந்தக் காயம் சேச்சி?"

"கத்தி பட்டது. டிசம்பர் வரைக்கும். குரியாச்சன் என்கிட்ட மருந்து கேட்டுக் கேட்டு உனக்குப் போட்டாரே."

பொன்னப்பன் சங்கடத்தோடு சிரித்தார். "எனக்கா? வேலைக்குச் சேர்ந்த வருஷம் பெருவிரல்ல ஒரு தடவை பட்டுச்சு. அதுக்கப்புறம் எங்க சேச்சி. கை பிசகினா சோத்துக்கு என்ன பண்றது? முதலாளி வேற யாரையாவது சொல்லியிருப்பாரு."

இரண்டு ஏக்கர் தோட்டத்தில் வேறு யார் இருக்கிறார்கள்.

ஷெர்லி அவர் கையை விடவில்லை. விடுவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை. வாசற்படியைப் பார்த்தாள். வெள்ளைத் துணி விரல்கள் வரைக்கும் இறங்கியிருந்தது. நாற்பது டிகிரியில் நின்ற ஒரு முழுக்கைச் சட்டை.

"ஃபேமிலி எல்லாரும் வாங்க, போட்டோ எடுத்துரலாம்," என்று கூப்பிட்டார் படம் எடுப்பவர். அவருடைய இன்னொரு கேமரா, முக்காலியில் நின்றபடி எல்லாவற்றையும் கனடாவிலும் அயர்லாந்திலும் இருக்கும் உறவினர்களுக்கு நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தது. "மேடம் தலைமாட்டுல. மகள் மேடம் பக்கத்துல. இன்னும் கொஞ்சம். நடுவுல இடைவெளி தெரியுது. மகள் மம்மி தோள்ல சாயட்டும். மேடம், கைய அவங்க தோள்ல போடுங்க. அப்படித்தான்."

ஐரின் சாய்ந்தாள். தோளில் தலை இருந்தது, எடை இல்லை. கழுத்தின் பலத்தில் தன் தலையைத் தானே தாங்கிக்கொண்டு, சாய்வது போல நின்றாள். ஷெர்லியின் கை அவள் தோளில் விழுந்து, முழங்கை வரை இறங்கி, அங்கேயே நின்றது. துணிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அந்தக் கைக்குத் தெரியும். எத்தனை காலம் பழையது என்று தொட்டே சொல்லிவிடும் கை அது. அதை நகர்த்தாமல் வைத்திருப்பதற்கு அவள் பற்களைக் கடிக்க வேண்டியிருந்தது.

"ரெடி. ஒண்ணு, ரெண்டு."

குவைத்துக்கு மாதா மாதம் வந்த வாட்ஸப் படங்களிலும் ஐரின் முழுக்கைதான் போட்டிருந்தாள். 'என்னடி, கன்னியாஸ்திரியாகப் போறியா?' என்று இவள் பதில் அனுப்பியிருந்தாள். அதற்கு ஐரின் ஒரு சிரிக்கும் முகத்தை அனுப்பினாள். மஞ்சள் நிறத்தில், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரிக்கும் முகம்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். தேவாலயத்தின் அலங்கார முத்துக்குடைகள் முன்னால் போயின. கல்லறைத் தோட்டத்தில் கடைசி முத்தம் கொடுக்கச் சொன்னபோது, ஐரின் குனிந்து நெற்றியை விட்டுவிட்டு உறை மாட்டிய அந்த இடது கையில் முத்தம் வைத்தாள். சற்று நேரம் எடுத்துக்கொண்டாள். பாதிரியார் காத்திருந்தார். சூசம்மா அவள் தோளைத் தொட்டு விலக்கினாள். ஷெர்லி நெற்றியில் முத்தமிட்டுவிட்டு, யாருக்கும் கேட்காத குரலில், "சொல்லியிருக்கலாமே மனுஷா," என்றாள். ஒருவரிடம் ஒருவர் எதையும் மறைத்த கல்யாணம் இல்லை அது. அவர் பேசாமல் இருந்த ஒரே விஷயம் இதுதான்.

ஐந்து மணிக்குள் கஞ்சியும் பயறும் தீர்ந்து பந்தல் காலியானது. சூசம்மா வந்தவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்: "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் இருப்பா. லீவு அவ்வளவுதான். பிள்ளைய நான் கூட்டிட்டுப் போறேன்." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். ஷெர்லி திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்துத்தான் எடுத்திருந்தாள். இரண்டும் சேர்த்து எடுத்தால் விலை குறைவு என்று கணவன் செத்த செய்தி வந்த அரைமணி நேரத்தில் யோசிக்கத் தெரிந்த மூளை அது. அதற்கு இப்போது ஒரு சல்யூட் வைக்கலாம் போலிருந்தது.

ஐரினை வீட்டுக்குள் காணவில்லை. பின்பக்கம் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கூடத்தின் படியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் குரியாச்சனின் தொலைபேசி. அந்தப் படியில் உட்கார்ந்துதான் அவர் குவைத்துக்குப் பேசுவார்; வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது.

ஷெர்லி ஒரு படி கீழே உட்கார்ந்தாள். மரங்களில் கவிழ்த்த சிரட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. என்ன கேட்பது? பதின்மூன்று வருடங்களில் மகளிடம் அவள் கேட்ட கேள்விகள் மொத்தம் மூன்று. சாப்பிட்டியா, படிச்சியா, பப்பா எங்கே. முதல் இரண்டும் இப்போது உதவாது. மூன்றாவதைக் கேட்க முடியாது. காட்டு, பார்க்கிறேன் என்று சொல்லலாம். வாழ்நாள் முழுக்க அவள் சொன்ன வார்த்தை அதுதான். ஆனால் அதைச் சொன்னால் இந்தப் படியிலிருந்து மகள் எழுந்து போய்விடுவாள், இனி வர மாட்டாள் என்று ஷெர்லிக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மரத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "பொன்னப்பன் கை இப்ப எப்படி இருக்கு?"

ஐரின் அசையவில்லை. ஒரு காக்கை வந்து புகைக்கூடத்தின் கூரையில் உட்கார்ந்து, நடந்து, பறந்து போனது.

"எந்தப் பொன்னப்பன்?" என்றாள்.

"நான் போன்லயே வைத்தியம் பாத்த பொன்னப்பன்."

ஐரின் படியைப் பார்த்துக்கொண்டு, "ஆறிருச்சு," என்றாள். "நாலு மாசமா புதுசா ஒண்ணும் இல்ல."

"மருந்து?"

"நீங்க சொன்னதுதான். பப்பா போடுவாரு. அப்புறம் கோட்டயத்துல ஒரு டாக்டர். மனசு டாக்டர். ரெண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. மாத்திரை குடுத்தாங்க. பேசச் சொல்லுவாங்க."

"கணக்கு ட்யூஷன்னு சொன்னாரே உங்க பப்பா."

"அதுதான் இது."

"நானும் நீ கணக்குல முன்னேறியிருப்பேன்னு நெனச்சேன்."

"கணக்குல ஃபெயில் மம்மி."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. ஷெர்லி தன் செருப்பின் வாரைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமையிலேருந்து?" என்று கேட்டாள். குரல் நர்ஸ் குரலாக வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நெனப்பு வந்துச்சு. ரெண்டு தடவை. டாக்டர் ஒரு நம்பர் குடுத்திருந்தாங்க, அதுல கூப்பிட்டுப் பேசினேன். யார்கூடயாவது இரு, தனியா இருக்காதன்னாங்க. அத்தை ரூம்லதான் படுத்தேன்." கொஞ்சம் விட்டுச் சொன்னாள்: "அவங்க விடுற குறட்டையில எந்த நெனப்பும் நிக்காது."

ஷெர்லிக்கு அந்த வியாதி யாரிடமிருந்து யாருக்குப் போயிருக்கிறது என்று அப்போது தெரிந்தது. சீட்டைப் படிக்காமலே தன்னுடையதுதான் என்று சொல்லக்கூடிய ஒரு பெட்டி.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"பப்பா சொல்லணும்னுதான் இருந்தாரு. நான்தான் சத்தியம் வாங்கினேன்." ஐரின் தொலைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சொன்னா மறுநாளே வந்துருவான்னாரு பப்பா. எனக்கு அது இல்ல பயம். சொல்லியும் வரலன்னா என்ன பண்றதுன்னுதான்."

தோட்டத்துக்குள் எங்கோ ஒரு காய்ந்த கிளை முறிந்து விழுந்தது. ஷெர்லியிடம் பதிலுக்கு ஒரு நகைச்சுவை இருந்தது. முதல் தடவையாக அதைச் சொல்லாமல் விழுங்கினாள்.

"பால் வரும்னு யாராவது சொன்னாங்களான்னு கேட்டீங்கல்ல," என்றாள் ஐரின். "ஸ்பீக்கர்ல போட்டிருந்தாரு. இந்தப் படியிலதான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அந்த மாசம் முழுக்க அன்னைக்குத்தான் சிரிச்சேன். பப்பா அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு."

"எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தியா?"

"நீங்க பேசினதெல்லாம். பக்கத்துல உக்காருறதுக்குச் சொந்த ஆள் வேணும்னு சொன்னதும்."

ஷெர்லி தலையைக் குனிந்துகொண்டாள். முந்தானை கையில் இருந்தது. வாயை மூடவில்லை.

உள்ளேயிருந்து சூசம்மா கூப்பிட்டாள். இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பொன்னப்பன் தோட்டத்து வழியாக வீட்டுக்குக் கிளம்பியவர் தூரத்திலேயே நின்று, "சேச்சி, நாளைக்கு வெட்டணுமா?" என்று கேட்டார்.

"ஒரு வாரம் போகட்டும் பொன்னப்பா. மரம் ஆறட்டும்."

அவர் போன பிறகு ஐரின் கேட்டாள்: "இந்த சனிக்கிழமை இல்ல, அடுத்த சனிக்கிழமைதான் டாக்டர். நீங்க வெள்ளிக்கிழமை போறீங்கல்ல. அத்தைக்கு எதுவும் தெரியாது. எப்படிச் சொல்றதுன்னு..."

"எனக்கு ஸ்கூட்டர் ஓட்டத் தெரியாதே."

"அது எனக்குத் தெரியும்."

"பஸ் இருக்கா?"

ஐரின் முதல் தடவையாகத் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். வெள்ளிக்கிழமைக்கும் சனிக்கிழமைக்கும் நடுவில் எத்தனை இடம் இருக்கிறது என்று அந்த முகத்தில் எழுதியிருக்கிறதா எனத் தேடுவது போல.

"எட்டே முக்காலுக்கு ஒண்ணு," என்றாள்.

"ஜன்னல் சீட்டு எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்."

ஐரின் தொலைபேசியைப் படியில், இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தாள். நெற்றியில் வியர்வை வழிந்தது. இடது கையின் துணியைப் பிடித்து ஒரு மடிப்பு மடித்தாள். சற்றுப் பொறுத்து இன்னொன்று.

ஷெர்லி கவிழ்ந்த சிரட்டைகளைப் பார்த்துக்கொண்டே, அந்த பஸ்ஸில் சனிக்கிழமை கூட்டம் அதிகமா என்று கேட்டாள்.